கை ஆடினால் ஓடும்

"மணி பார்க்கத் தெரிஞ்சா மட்டும் போதாதுலே" என்று எங்கள் அப்பா சொல்வார். அதற்கு ஒரு பின்பாதி உண்டு, அண்ணாச்சி. நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. காலையிலிருந்து யோசித்துக்கொண்டே வருகிறேன். 'மணியை மதிக்கத் தெரியணும்' என்று இருக்குமோ? இருக்கலாம். அப்படித்தான் நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வாட்ஸ்அப்பில் என் பெயருக்குக் கீழே அதைத்தான் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அப்பா அவ்வளவு அழகாகப் பேசுகிற ஆள் இல்லை.

இல்லை, இல்லை. வலிப்பு இல்லை. பயப்படாதீர்கள். வண்ணார்பேட்டையில் ஏறினதிலிருந்து நீங்கள் என் வலது கையையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள், எனக்குத் தெரியும். நரம்புத் தளர்ச்சியும் இல்லை. நானேதான் ஆட்டுகிறேன். உங்கள் மேல் இடித்தால் சொல்லிவிடுங்கள், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஆட்டுகிறேன்.

இந்த வாட்சுக்காகத்தான். எச்.எம்.டி. ஆட்டோமேட்டிக். பாட்டரி கிடையாது. சாவி கொடுக்கிற ஜாதியும் இல்லை. உள்ளே அரைவட்டமாக ஒரு தகடு இருக்கும். கை ஆடினால் அது சுற்றும், அது சுற்றினால் ஸ்பிரிங் ஏறும், ஸ்பிரிங் ஏறினால் ஓடும். கட்டினவன் நடமாட வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தீனி. ஆனால் இது ரொம்ப நாள் நின்று கிடந்துவிட்டது. எண்ணெய் காய்ந்திருக்கிறது. ஆட்டுகிற வரைக்கும் ஓடுகிறது, கையை மடியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. கோவில்பட்டி போய்ச் சேர்கிறபோது இது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான்.

இடது கையிலா? அது என்னுடையது. செய்கோ. இன்றைக்கு இதன் முறை. ஆமாம், முறை உண்டு. அதைச் சொல்லப்போனால் பெரிய கதை.

வலது கையில் இருக்கிற இது அப்பா வாட்ச். அப்பா ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பிரைவேட் கம்பெனி. நீங்கள் இந்தப் பக்கத்து ஆள்தானே, பார்த்திருப்பீர்கள். கம்பெனி பஸ்காரர்களுக்கு ஒரு நிமிஷம் என்றால் உயிர். முன்னால் போகிற வண்டி ஒரு நிமிஷம் பிந்தினால் பின்னால் வருகிறவனுடைய ஆளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். சட்டையைப் பிடித்து அடித்துக்கொள்வார்கள். நடுவில் எங்கள் அப்பா. வாயில் விசில், கையில் வாட்ச். ஆவுடையப்பன் விசில் அடித்தால் வண்டி நகர்ந்தாக வேண்டும். டிரைவர்கள் முகத்துக்கு நேரே ஏசுவார்கள். "வேய், உம்ம வாட்சை ஆத்துல தூக்கிப் போடும்வே!" என்பார்கள். அப்பா இரண்டாவது விசில் அடிப்பார்.

அப்படி ஏசினவர்கள்தான் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஒன்றாகச் சேர்ந்து இதை வாங்கிக் கட்டிவிட்டார்கள். டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர் எல்லோரும். பின்மூடியில் எழுத்து வெட்டியிருக்கிறது, பாருங்கள். இப்போது கழற்ற முடியாது, கழற்றினால் நின்றுவிடும். பிறகு காட்டுகிறேன். அப்பா அன்றைக்குக் கட்டினதுதான். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார்.

அப்பாவா? கோவில்பட்டியில் இருக்கிறார். அக்கா வீட்டில். பிரமு அக்கா. அக்காதான் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆமாம், தூக்கிக்கொண்டுதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆம்புலன்சைக் கூப்பிட்டாள், ஏற்றினாள், போய்விட்டாள். பெற்ற மகன் வாசலில் நிற்கிறேன். ஊரே பார்க்கிறது.

நீங்களே சொல்லுங்கள். அம்மா போனதற்கு அப்புறம் அப்பாவைப் பார்த்துக்கொள்ள யார் வந்தது? நான் வந்தேன். சிங்கப்பூரில் கப்பல் கம்பெனியில் நல்ல வேலை. மனைவியும் மகளும் இன்னும் அங்கேதான், பிள்ளைக்குப் படிப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் ஒருத்தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தேன். கோவில்பட்டி என்ன, கூப்பிடு தூரம். அவள் வந்து இருந்தாளா? 'அத்தானுக்கு மில், எனக்கு ஸ்கூல்' என்றாள். சரி என்று விட்டுக்கொடுத்தேன். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், யார் அப்பாவை வைத்துப் பார்த்தது என்று கணக்குப் பார்த்தால் நான்தான்.

கூட என்ன கொண்டுவந்தேன் என்று கேட்கிறீர்களா? வாட்சுகள். சிங்கப்பூரில் சுங்கே ரோடு என்று ஒரு பழைய சாமான் சந்தை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சும்மா போனவன், தரையில் விரித்த துணியில் அப்பா கட்டியிருக்கிற இதே எச்.எம்.டி. கிடந்ததைப் பார்த்தேன். கடல் தாண்டி எப்படி வந்ததோ! எடுத்துக் காதில் வைத்தேன். ஓடியது, அண்ணாச்சி. யாரோ ஒருத்தர் கையிலிருந்து கழற்றி, யாரோ விற்று, தரையில் கிடந்தும் எடுத்த உடனே ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊருக்குப் போன் பண்ணி அப்பாவிடம் சொன்னேன். "வெலை அதிகமாச் சொல்லியிருப்பானே, ஏமாந்திராதே" என்றார். அப்பாவும் நானும் போனில் அதிகம் பேசினது அன்றைக்குத்தான்.

அங்கே ஆரம்பித்தது. செய்கோ, சிட்டிசன், ரஷ்யாவில் செய்தது, சுவிஸ்காரன் செய்தது. எல்லாம் இயந்திரம். பாட்டரி வாட்சை நான் தொடமாட்டேன். பாட்டரி வாட்ச் தன்பாட்டுக்கு ஓடும், அதற்கு நாம் வேண்டாம். இது அப்படி இல்லை. இது நம்மை எதிர்பார்த்து இருக்கிறது. கட்டாவிட்டால் நின்றுபோகும், நின்று கிடந்தால் உள்ளே கெட்டுப்போகும். ஓர் உயிர் மாதிரி. தினம் காலையில் யாரைக் கட்டுவது என்று பார்த்துப் பார்த்து எடுப்பேன். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. தெருவில் பிள்ளைகள் 'ரெட்டைவாட்சு மாமா' என்று கத்துவார்கள். கத்தட்டும். அப்படியும் எல்லாவற்றுக்கும் கை போதாது. அதனால் ஒரு மிஷின் வாங்கினேன். வைண்டர் என்று பெயர். கண்ணாடி அலமாரி மாதிரி இருக்கும், உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். வாட்சைக் கிண்ணத்தில் மாட்டிவிட்டால் அது மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் திருப்பும், கொஞ்ச நேரம் நிறுத்தும். மறுபடி திருப்பும். சத்தமே வராது. தூசி படாது. அந்த அறைக்கு ஏ.சி.யும் போட்டேன், ஈரக்காற்று ஆகாது பாருங்கள்.

அப்பாவுக்கு என்ன என்றா? அதைத்தான் சொல்ல வருகிறேன். பக்கவாதம். இடது பக்கம் முழுதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். வாட்ச் இடது கையில். அசையாத கை. அப்புறம் எப்படி ஓடும்? மறுநாளே நின்றுவிட்டது. அப்பா வலது கையால் அந்த வாட்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம். வாழ்நாள் முழுக்க மணி பார்த்த மனுஷன், அவர் கையிலேயே மணி நின்றுவிட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும்! அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய் வைண்டரில் மாட்டினேன். அதோடு விட்டேனா? அப்பாவின் கட்டிலையே அந்த அறைக்கு மாற்றினேன். ஏ.சி. இருக்கிறது, வெக்கை தெரியாது. கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தன் வாட்ச் சுற்றுவதைத் தானே பார்த்துக்கொண்டு கிடக்கலாம். எந்த மகனுக்கு அண்ணாச்சி இப்படித் தோன்றும்?

எந்தப் பக்கமாகவா? இடது பக்கம். அலமாரி அந்தப் பக்கம்தானே இருக்கிறது. எப்போதுமா என்றால்... பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். வலது பக்கம் திருப்பினால் வெறும் சுவர். சுவரைப் பார்த்து அவர் என்ன பண்ணப்போகிறார்?

தெரியும், தெரியும். டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும் என்று. நான் கேட்காமல் இல்லை. அதற்காகத்தானே செல்லத்தாயை வைத்தேன்? மூன்று தெரு தள்ளி வீடு. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். கெட்டிக்காரி. வாய்தான் கொஞ்சம் நீளம். வந்த புதிதில் நானும் கூட நின்று அப்பாவைத் திருப்பினேன், இல்லை என்று சொல்ல முடியாது. ஒருநாள் தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன், இந்தச் செய்கோவினுடைய பக்கிள் அப்பா மேல்கையில் உராய்ந்து தோல் உரிந்துவிட்டது. கொஞ்சம்தான். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. செல்லத்தாய் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், கையில அதைக் கட்டிக்கிட்டு ஐயாவைத் தொடாதீய. வயசானவுக தோலு வெங்காயச் சருகு. பட்டாலே கிழியும். ரெண்டையும் கழட்டிட்டு வாங்க."

"சரி, நாளையிலிருந்து கழட்டுதேன்" என்றேன்.

நீங்கள் யோசித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இரண்டு கையிலும் அவிழ்ப்பது, மறுபடி கட்டுவது. ஓடிக்கொண்டிருக்கிறதை அவிழ்த்து மேஜையில் வைத்தால், அன்றைக்கு அதன் முறை என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடுகிறது. தோல் பட்டையானால் மடிப்பு விழும். இரண்டு மூன்று நாள் செய்து பார்த்தேன். அப்புறம் செல்லத்தாயே, "நீங்க தள்ளுங்க சார், நான் பாத்துக்கிடுதேன்" என்றுவிட்டாள். அவளாகத்தான் சொன்னாள். நான் விலகிக்கொண்டேன். அப்பாவுக்கும் அதுதானே நல்லது? பழகின கை. நான் தொட்டால் காயம் ஆகிறது.

இல்லை, அதற்குப் பிறகு தொடவில்லை. பக்கத்தில் இருந்தேன். அதே அறையில்தான் இருந்தேன்.

தண்ணீரா? வேண்டாம், அண்ணாச்சி. ஒரு கையால் மூடியைத் திறக்க வராது. நீங்கள் குடியுங்கள்.

அப்புறம் அந்த மதுரைக் கூட்டம். பழைய வாட்ச் சேர்க்கிறவர்கள் குழு ஒன்று இருக்கிறது, வருஷத்துக்கு ஒருதரம் எல்லோரும் ஓர் ஓட்டலில் கூடுவோம். டாக்டர், வக்கீல், ஜவுளிக் கடைக்காரர், எல்லாவிதமும் உண்டு. மேஜையில் துணி விரித்து அவரவர் வாட்சை வைப்போம். 'டயலை மாத்தியிருக்கீங்களா? கேஸைப் பாலிஷ் போட்டுட்டீங்களா?' இப்படித்தான் பேச்சு. பாலிஷ் போட்டால் மதிப்பு போச்சு. கீறல் இருந்தால்தான் கௌரவம். வெளியே யாருக்கும் இது புரியாது. அங்கே போனால் நான் யார் என்று எனக்குத் தெரியும். காலையில் கிளம்பினேன். செல்லத்தாய் வருவாள்தானே என்று ஒரு வேளைக் கஞ்சியை ஊட்டிவிட்டு, ஏ.சி.யை அளவாக வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.

அவள் வரவில்லை. மகள் வயிற்றுப் பேத்திக்குக் காது குத்து, சங்கரன்கோவிலில். என்னிடம் முந்தின வாரமே சொன்னாளாம். சொல்லியிருப்பாள். நான் ஏதோ வாட்சுக்குத் தேதி திருகிக்கொண்டிருந்தபோது வந்து சொல்லியிருப்பாள். அது ஒரு நேரமா சொல்வதற்கு? எழுதி வைக்க வேண்டாமா?

மதுரையிலிருந்து திரும்பி வந்தால் வாசலில் அக்காவுடைய செருப்பு. அத்தானுடையதும். ஞாயிற்றுக்கிழமைதானே, அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்திருக்கிறார்கள்.

நான் உள்ளே போகிறேன். அப்பா இடது பக்கமாகவே கிடக்கிறார். நான் காலையில் எப்படி விட்டுவிட்டுப் போனேனோ அப்படியே. அக்கா அவருடைய வேட்டியை ஒதுக்கி இடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அழவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஏ.சி. ஓடுகிறது. அலமாரிக்குள் சின்ன விளக்கு எரிகிறது, வாட்சுகள் எல்லாம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

"ஏலே சொக்கு" என்றாள். "அப்பா என்னத்தைலே இப்படிக் காட்டுதாக?"

அப்பா வலது கையை அலமாரிப் பக்கமாக நீட்டி அதே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கொஞ்ச நாளாகவே அப்படிக் காட்டுவார். 'சந்தோஷமாகப் பார்க்கிறார்' என்றுதான் நான் நினைத்தேன். அக்கா எழுந்து போய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"இது என்னலே, அப்பா வாட்சு நின்னுல்லா போயிருக்கு?"

போய்ப் பார்க்கிறேன். கிண்ணம் சுற்றுகிறது. முள் நிற்கிறது! தேதியைப் பார்த்தால், எப்போதோ நின்றிருக்கிறது. பக்கத்தில் செய்கோ ஓடுகிறது, சிட்டிசன் ஓடுகிறது. இது மட்டும் சுற்றிச் சுற்றி நிற்கிறது. எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது, அண்ணாச்சி. இந்த மாடலுக்கு உள்ளே இருக்கிற தகடு ஒரு பக்கம் சுற்றினால்தான் ஸ்பிரிங் ஏறும், மறுபக்கம் சுற்றினால் சும்மா சுற்றும். வைண்டரில் வலமா இடமா என்று ஒரு சின்னப் பட்டன் உண்டு. செய்கோவுக்கு இரண்டு பக்கமும் ஏறும் என்பதால் நான் அதைத் தொட்டதே இல்லை. என் வாயிலிருந்து வந்துவிட்டது:

"அடடா, இதை மாத்தி மாத்தியில்லா திருப்பியிருக்கணும்!"

அக்கா என்னைப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார். அவர் ஒரு நாளும் என்னிடம் அதிர்ந்து பேசினது கிடையாது, 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவார். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணத்தான் போனார் என்று பிறகுதான் தெரிந்தது.

அக்கா சொன்னாள்: "கடிகாரத்தைத் திருப்ப மிஷின் வாங்கி வச்சிருக்க. பெத்தவரைத் திருப்ப ஒனக்குக் கை இல்லையாலே?"

எவ்வளவு பெரிய வார்த்தை! நானும் விடவில்லை. "நான் இங்கே கூடவே இருந்தேன், நீ எங்கே இருந்தே?" என்று கேட்டேன். "ஏ.சி. போட்டது யாரு? தண்ணிப் படுக்கை வாங்கினது யாரு? செல்லத்தாயை வச்சது யாரு?" எல்லாம் கேட்டேன். அவள் அப்பாவுடைய துணியை எடுத்து மடித்து ஒரு பையில் வைத்தாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுதான் அந்தப் புண்ணை நான் பார்த்தேன்.

எவ்வளவு பெரிதா? அதை விடுங்கள்.

விடுங்கள் என்றேனே, அண்ணாச்சி... உள்ளங்கையால் மூடினால் மூடாது. போதுமா?

அதற்கு அப்புறம் அக்கா என்னிடம் பேசவில்லை. நான் போன் பண்ணினால் அத்தான்தான் எடுப்பார். 'இருக்காரு மாப்ளே, மருந்து போடுதோம்' என்பார், வைத்துவிடுவார். 'வா' என்று சொல்லவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது? எனக்கும் ரோஷம் இருக்கிறது. இன்று காலையில் அத்தானே கூப்பிட்டார். "மாப்ளே, காய்ச்சல் எறங்க மாட்டேங்கு. புண்ணு உள்ளே போயிட்டுன்னு டாக்டர் சொல்லுதாரு. கஞ்சி எறங்கலை. பாக்கணும்னா வந்து பாத்துட்டுப் போயிருங்க" என்றார். வந்து பார்த்துவிட்டுப் போயிருங்க! யாரோ தூரத்துச் சொந்தக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி.

போனை வைத்தேன். அலமாரி முன்னால் போய் நிற்கிறேன். எதைக் கட்டலாம் என்று பார்க்கிறேன். சிரிக்காதீர்கள். பழக்கம். இன்றைக்கு இந்தச் செய்கோவின் முறை, எடுத்துக் கட்டினேன். கட்டும்போதுதான் அப்பா வாட்ச் கண்ணில் பட்டது. அப்பவே முடிவு பண்ணினேன், இதை ஓடவைத்துக் கொண்டுபோய் அவர் கையில் கட்டிவிட வேண்டும். அவர் அதைக் காட்டிக் காட்டித்தானே சத்தம் போட்டார்? ஓடுகிற வாட்சைப் பார்த்தால் கண்ணைத் திறப்பார். கஞ்சி குடிப்பார். அக்காவும் பார்ப்பாள்.

என்ன கேட்டீர்கள்?

இல்லை. யாரும் கேட்கவில்லை. அத்தானும் வாட்சைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

கட்டின பிறகு அவர் கையில் நின்றுவிடாதா என்கிறீர்களா? நிற்கும். அசையாத கைதானே. நிற்கும்தான்... அதை அங்கே போய் யோசித்துக்கொள்ளலாம் என்று வந்தேன். அண்ணாச்சி, நீங்கள் கேட்கிறதெல்லாம் ஒரு மாதிரியாகவே இருக்கிறது. வாட்சைப் பற்றிச் சொன்னால் அப்பாவைக் கேட்கிறீர்கள்.

இது என்ன, ஏன் நிறுத்துகிறான்? கயத்தாறா? இங்கே எதற்கு நிறுத்தம்? டீயா? இப்போதுதானே எடுத்தான்! கண்டக்டர், கண்டக்டர், எவ்வளவு நேரம் நிற்கும்? அஞ்சு நிமிஷமா? அவன் அஞ்சு நிமிஷம் என்றால் கால் மணி நேரம். அண்ணாச்சி, காலை ஒதுக்குங்கள், நான் இறங்கி ஆட்டோ பிடிக்கிறேன். இங்கே ஆட்டோ வராதா? கோவில்பட்டிக்கு வரமாட்டானா? அங்கே என்ன நடக்கிறதோ, இவன் உட்கார்ந்து வடை தின்கிறானே! பாருங்கள் அவனை. டிரைவரைப் பாருங்கள். டம்ளரை ஊதிக்கொண்டு கையைத் திருப்பி மணி பார்க்கிறான். பார்க்கிறான், மறுபடி ஊதுகிறான். மறுபடி பார்க்கிறான். டிரைவர்! ஏ டிரைவர்! இங்கே, ஜன்னல்ல! அப்பா சாகக் கிடக்காருய்யா! மணி பார்க்கத் தெரிஞ்சா மட்டும் போதாதுய்யா, வண்டியை எடுக்கணும்! வண்டியை எடுக்கணும்யா!

...

இல்லை. ஒன்றும் இல்லை. கையை விடுங்கள், உட்கார்ந்துவிட்டேன்.

வருகிறான். டம்ளரை வைத்துவிட்டு வருகிறான்.

அதுதான் அண்ணாச்சி. வண்டியை எடுக்கணும். அதுதான் பின்பாதி. 'மணி பார்க்கத் தெரிஞ்சா மட்டும் போதாதுலே, வண்டியை எடுக்கணும்.' டீக்கடையில் நின்று மணி பார்த்துக்கொண்டிருக்கிற டிரைவர்களைப் பார்த்து அப்பா சொல்வது. விசில் அடித்த பிறகும் நகராவிட்டால் சொல்வது. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன்.

நான் வேறு என்னவோ எழுதி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஒரு நிமிஷம். போன். அக்கா நம்பர். அத்தான் நம்பர் இல்லை, அக்காவே. எடுக்கவா? எடுக்கிறேன். கொஞ்சம் இந்தப் பையைப் பிடியுங்கள், வலது கையை நிறுத்தக் கூடாது.

ஹலோ. ஆமாக்கா. வந்துக்கிட்டே இருக்கேன். கயத்தாறு தாண்டிட்டோம். எப்படி இருக்காரு? ம்... ம். கண்ணு முழிச்சாரா? ம். அத்தானுக்கு என்ன ஆச்சு? இடுப்பா? அப்ப யாரு... நீ ஒருத்தியாவா? காலையில இருந்தா? அக்கா, அழாதே. அக்கா, நான் அப்பா வாட்சைக் கொண்டுட்டு வாரேன். ஓடுது, ஓடவச்சிட்டேன், இப்பக்கூட ஓடிக்கிட்டுத்தான்... ஹலோ? அக்கா? இருக்கியா?

...

ம்.

ம். வந்துட்டேன்க்கா. கோவில்பட்டி வந்துட்டேன்.

வைத்துவிட்டாள்.

நான் வாட்ச் என்று சொன்னதும் பேசாமல் இருந்தாள். லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போகவில்லை, அவள் மூச்சு கேட்டது. அப்புறம் சொன்னாள். "புண்ணைக் கழுவணும்லே. ஒருத்தர் அப்பாவைத் தூக்கிச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் இன்னொருத்தர் கழுவ முடியும். அத்தானுக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டு எந்திரிக்க முடியலை. நான் ஒருத்தியா என்ன செய்ய? நீ வந்து பிடிப்பியா, மாட்டியா? அதை மட்டும் சொல்லு." நான் என்ன சொன்னேன்? கோவில்பட்டி வந்துவிட்டேன் என்றேன். அதுவா அவள் கேட்டாள்? அதையும் பாதி பொய்யாகத்தான் சொன்னேன். இன்னும் ஊர் வரவில்லை.

அப்பா எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லையே, அண்ணாச்சி. இவ்வளவு நேரம் கேட்டீர்கள், இப்போது கேட்கவில்லை. முழித்திருக்கிறாராம். திருப்புகிற நேரம் வந்தால் அவரே வலது கையைத் தூக்கிவிடுகிறாராம். சுவரில் கடிகாரம் இல்லாத அறையாம் அது. எதைப் பார்த்துத் தூக்குகிறார் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. காலையில் தூக்கினாராம். திருப்ப ஆள் இல்லை. கையைத் தூக்கினபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே போட்டாராம். மறுபடி தூக்கினாராம்.

ரெண்டாவது விசில்.

பாலம் தெரிகிறது பாருங்கள். ஊர் வந்தாச்சு. பஸ் ஸ்டாண்டுக்குள்ளே போகுமா, பைபாஸிலேயே இறக்கிவிடுவானா? உள்ளே போகும் என்றானா? நல்லது. பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா வீடு நடக்கிற தூரம்தான், ஓடினால் இன்னும் சீக்கிரம். நீங்கள் சாத்தூர் போக வேண்டும் இல்லையா? உங்களையும் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வந்துவிட்டேன். மேலே இடித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பின்மூடியில் எழுத்து இருக்கிறது என்று சொன்னேனே. இந்தாருங்கள், இப்போது பார்க்கலாம். 'ஆவுடையப்பன் அவர்களுக்கு, அன்புடன், ஜங்ஷன் தொழிலாளர்கள்.' பார்த்தாயிற்றா? கொடுங்கள்.

இல்லை, மறந்துபோய்க் கழற்றவில்லை, தெரிந்துதான் கழற்றினேன்.

அந்தப் பையின் வாயைக் கொஞ்சம் விரித்துப் பிடியுங்கள், அண்ணாச்சி. செய்கோவையும் கழற்றிவிட்டேன்.